தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலப்பக்கம் இறங்கிவிட்டது, குடல்வாலாக இருக்குமா?

நிலா அம்மா | சனிக்கிழமை, மாலை 4:50

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. நேற்று இரவு 10 மணி வாக்கில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து வந்தாள். எங்கே என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துத் தொப்புள் மேல் வைத்து, "இங்கதான், எங்கன்னு சரியா சொல்லத் தெரியல" என்றாள். மாதவிடாய் வர இன்னும் நான்கைந்து நாள் இருக்கிறது. அது முன்கூட்டியே வருகிறது போல என்று நினைத்து வெந்நீர்ப் பை கொடுத்துப் படுக்க வைத்தேன். விடிய விடியப் புரண்டுகொண்டே இருந்தாள்.

காலை 6 மணிக்கு ஒரு முறை வாந்தி எடுத்தாள். அப்புறம் இல்லை. ஆனால் இன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. கடும் காய்ச்சலிலும் தட்டைத் தள்ளாத பிள்ளை, இன்று சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். மதியத்துக்கு மேல் வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் காட்டுகிறாள். வலது இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் உள்ளே. குளியலறைக்குப் போகும்போது அந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடக்கிறாள். உடம்புச் சூடு 99.8. பேதி இல்லை. சிறுநீர் போகும்போது எரிச்சலும் இல்லை என்கிறாள்.

கணவர் வெளியூரில் இருக்கிறார். மாமியார் வாயுப் பிடிப்புதான் என்கிறார். எங்கள் வழக்கமான டாக்டர் இனி திங்கட்கிழமைதான் பார்ப்பார். அதுவரை தள்ளலாமா? ஆடாமல் அசையாமல் படுத்தால் வலி குறைகிறது என்று இப்போது சொல்கிறாள். குறைகிறது என்றால் குடல்வால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கதிர் | மாலை 4:57

திங்கட்கிழமை வரை வேண்டாம் அக்கா. இன்றே, இப்போதே, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பசிக்கும் என்று எதுவும் ஊட்டாதீர்கள். பேதி மாத்திரை, எனிமா எதுவும் கொடுக்காதீர்கள். வெந்நீர்ப் பையை எடுத்துவிடுங்கள்.

செண்பகம் | மாலை 5:04

நிலா அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. முதலில் கிளம்புங்கள். மீதியை வண்டியில் உட்கார்ந்து படியுங்கள்.

எனக்கு அப்போது 26 வயது. ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, நடுவயிற்றைப் பிசைவது மாதிரி வலி. வேலைக்குப் போய்விட்டேன். மதியம் ஒரு டாக்டரைப் பார்த்தேன். வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்தார். வலி அப்போது நடுவயிற்றில்தான் இருந்தது, ஆரம்பித்து ஏழெட்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த நிலையில் அது யாருக்கும் பிடிபடாமல் போகலாம், அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "வலி இடம் மாறினால் திரும்ப வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு. வயிற்றுப் புண் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் நான் அதையே பிடித்துக்கொண்டேன். அன்று இரவு வலி வலப்பக்கம் இறங்கியபோது மருந்து வேலை செய்கிறது, வலி நகர்கிறது என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையும் என் அடிவயிற்றில் ஏறி இறங்கியது. இருமல் வந்தால் பையை எடுத்து வயிற்றோடு அழுத்திக்கொள்வேன். இரவில் வலது முழங்காலை மடக்கி வைத்தால்தான் படுக்க முடிந்தது, நீட்டினால் இழுத்துப் பிடித்தது. இவை எல்லாம் அறிகுறிகள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை வலி சட்டென்று நின்றது. இரண்டு நாளுக்கு அப்புறம் மூச்சை முழுதாக இழுத்து விட்டேன். குளித்தேன், தூங்கினேன். மதியம் எழுந்தபோது வயிறு முழுக்க வலி. தொட்டால் பலகை மாதிரி இருந்தது. பற்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர், காய்ச்சல் 103. குடல்வால் வெடித்திருந்தது. அடைபட்டு உப்பிக்கொண்டிருந்தது கிழிந்ததும் உள்ளிருந்த அழுத்தம் இறங்கியதால்தான் அந்தச் சில மணி நேர நிம்மதி என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அப்புறம் விளக்கினார். வயிற்றைத் திறந்து கழுவி, சீழ் வடியக் குழாய் வைத்தார்கள். 11 நாள் மருத்துவமனையில் இருந்தேன். உரிய நேரத்தில் போயிருந்தால் இரண்டு நாளில் வீடு திரும்பியிருப்பேன்.

அதனால் சொல்கிறேன், படிப்படியாக இறங்கிவந்த வலி இப்போது குறைகிறது என்றால் அது கிளம்பாமல் இருக்கக் காரணம் ஆகாது. வலி மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள், டாக்டரின் கண்ணை மறைத்துவிடும்.

நிலா அம்மா | மாலை 5:11

கிளம்பிவிட்டோம். பக்கத்து வீட்டுத் தம்பி வண்டி எடுக்கிறார். நன்றி.

வளர்மதி | மாலை 5:38

நிலா அம்மா, நான் 12 வருடமாக அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் படிக்க முடிந்தால் படியுங்கள். நான் டாக்டர் இல்லை. மகளைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருப்பவர்கள்தான்.

உங்கள் பதிவில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வலி இருக்கும் இடம் அல்ல, அது வந்த வரிசை. முதலில் நடுவயிற்றில் மந்தமான வலி, அதற்கு அப்புறம் வாந்தி, பசி செத்துப்போனது, பிறகு வலி இறங்கி வலப்பக்கம் நிலைத்தது, கடைசியில் லேசான காய்ச்சல். சாதாரண வயிற்றுக் கோளாறில் பெரும்பாலும் வாந்தியும் பேதியும்தான் முந்திக்கொள்ளும், வலி அதோடு வரும், விட்டு விட்டு முறுக்கும். குடல்வாலில் வலிதான் முன்னே வரும், மற்றவை பின்னால் வரும். எப்போதும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் யாராவது வயிற்று வலி என்று வந்தால், "முதல் வலி எத்தனை மணிக்கு, எங்கே, வாந்தி அதற்கு முன்னாலா பின்னாலா" என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

வலி ஏன் ஊர்கிறது என்று பலர் கேட்பார்கள். உள்ளுறுப்புகளுக்குத் தங்கள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலின் வலியைக் கொண்டுபோகும் நரம்புகளும், தொப்புள் பகுதித் தோலின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் நுழைகின்றன. அதனால் மூளை அதைத் தொப்புள் வலி என்று படிக்கிறது. வீக்கம் முற்றி, வயிற்றுச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வை உரச ஆரம்பித்ததும், அந்தச் சவ்வு இடத்தைச் சரியாகக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளங்கையால் காட்டிய பிள்ளை ஒற்றை விரலால் காட்டுகிறாள் என்று எழுதினீர்களே, நடந்தது இதுவாக இருக்கலாம். வலது இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் புள்ளியை 1889இல் சார்லஸ் மெக்பர்னி என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் குறித்து வைத்தார். இன்றும் டாக்டர்கள் விரல் வைக்கும் இடம் அதுதான்.

சவ்வு உரசுவதால்தான் அசைந்தால் வலி கூடுகிறது, இருமினால் குத்துகிறது, வேகத்தடை தெரிகிறது. செண்பகம் எழுதியதில் ஒவ்வொன்றும் அதே. சிறுநீரகக் கல் வலியில் ஆள் ஒரு இடத்தில் இருக்க மாட்டார். எழுவார், உட்காருவார், துடிப்பார். குடல்வால் வலியில் ஆள் அசையவே பயப்படுவார். வீட்டில் பார்க்க வேண்டும் என்றால் குதிகாலை உயர்த்தித் தொப்பென்று ஊன்றச் சொல்லி, அடிவயிற்றில் வலிக்கிறதா என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். வலிக்கவில்லை என்பதை வைத்து வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம்.

செண்பகம், ஒன்றை மட்டும் திருத்துகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. மருத்துவமனையில் வலிக்கு ஊசி போடுவதால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை என்று இப்போது ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே அங்கே போட்டால் மறுக்காதீர்கள், பிள்ளை துடிக்க வேண்டியதில்லை. வீட்டில் மாத்திரை மேல் மாத்திரை போட்டுப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் பெயரையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

இனி அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். ஆல்பிரடோ ஆல்வராடோ 1986இல் வகுத்த ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு, மொத்தம் 10. வலி இடம் பெயர்ந்ததற்கு 1, பசியின்மைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, அழுத்திவிட்டுக் கையை எடுக்கும்போது வலிப்பதற்கு 1, காய்ச்சலுக்கு 1. வலது அடிவயிற்றில் தொட்டால் வலிப்பதற்கு 2. ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்தால் 2, அவற்றில் ஒரு வகை குறிப்பாகக் கூடியிருந்தால் இன்னும் 1. அதை வைத்து நீங்கள் வீட்டில் கூட்டிப் பார்க்க முடியாது, அதில் 3 மதிப்பெண் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் டாக்டர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்பது புரியும்.

பெண் பிள்ளை என்பதால் கூடுதலாக ஒன்று. அந்த இடத்தில் கருமுட்டைப்பையும் இருக்கிறது. அது முறுக்கிக்கொண்டாலும் திடீரென்று ஒரு பக்கம் கடுமையான வலியும் வாந்தியும் வரும். அதுவும் மணிக்கணக்கில் தள்ளக்கூடாத அவசரம். வயிற்று ஸ்கேனில் இரண்டையும் பார்ப்பார்கள். கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பார்கள். வயதுக்கு வந்த பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் செய்வது எங்கும் நடைமுறை, அதைக் கேட்டுச் சங்கடப்படாதீர்கள், மகளும் சங்கடப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விரை முறுக்கிக்கொண்டால் சில பையன்கள் வெட்கத்தில் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். கீழே வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். சில மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையே போய்விடும்.

கடைசியாக, ஸ்கேனில் "குடல்வால் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் "நோய் இல்லை" என்று படித்துவிடாதீர்கள். குடலில் வாயு இருந்தால் அது மறைந்துகொள்ளும். அப்படி வந்தால் வீட்டுக்கு அனுப்புகிறார்களா, வைத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அனுப்பினால், என்ன ஆனால் திரும்ப வர வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நிலா அம்மா | சனிக்கிழமை, இரவு 8:20

வளர்மதி அக்கா, நீங்கள் சொன்னதே நடந்தது. ஸ்கேனில் தெரியவில்லை என்று வந்தது. கருமுட்டைப்பை இரண்டும் சரியாக இருக்கிறதாம். வெள்ளணுக்கள் 15,200. வைத்துப் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். வாய் வழியாக எதுவும் இல்லை, டிரிப் ஓடுகிறது. வலிக்கு ஊசி போட்டார்கள், கொஞ்சம் தூங்குகிறாள். அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பப் பார்ப்பதாகச் சொன்னார் டாக்டர்.

பாரதி | ஞாயிற்றுக்கிழமை, காலை 9:15

மகள் நலமாக வர வேண்டுகிறேன். ஒரு சந்தேகம். ஆன்டிபயாடிக்கிலேயே குடல்வால் சரியாகிவிடும், வெட்டத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று, என் அப்பாவுக்கு 70 வயது. நேற்றிலிருந்து அடிவயிறு லேசாகக் கனமாக இருக்கிறது என்கிறார். காய்ச்சல் இல்லை. இந்த வயதில் குடல்வால் வராதுதானே?

வளர்மதி | ஞாயிற்றுக்கிழமை, காலை 10:02

பாரதி சார், இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில். வரும். 10 முதல் 30 வயதுக்குள் அதிகம், ஆனால் எந்த வயதும் விலக்கு இல்லை. முதியவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் ஏறாது, வயிறு இறுகாது, "லேசாகக் கனம்" என்றுதான் சொல்வார்கள். அதனாலேயே தாமதமாகி, வெடித்த பின் வருகிறவர்கள் அந்த வயதில் அதிகம். அந்த வயதில் குடலடைப்பு, பெரிய ரத்தக்குழாய்ப் பிரச்சினை போன்றவையும் இப்படி ஆரம்பிக்கலாம். அப்பாவை இன்றே காட்டுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளும் அப்படித்தான், அவர்களுக்கு இடம் சொல்லத் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு வலி வழக்கமான இடத்துக்கு மேலே வரலாம். குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்களுக்கு விலாவிலோ முதுகிலோ வலிக்கும். இடுப்புக்குழிக்குள் தொங்குபவர்களுக்குப் பேதியும் அடிக்கடி சிறுநீரும் வந்து வேறு நோய் மாதிரி ஏமாற்றும்.

ஆன்டிபயாடிக் பற்றி. உண்மைதான், ஆனால் அது மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, வெடிக்கவில்லை என்று உறுதி செய்த பின் டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுக்கும் முடிவு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1,552 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடல்வாலின் வாயை மலக்கல் அடைத்திருந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இதில் சேராது. அரைகுறை மருந்தில் வலி அமுங்கி, உள்ளே சீழ்க்கட்டியோடு வந்தவர்களை நான் கவனித்திருக்கிறேன்.

நிலா அம்மா | திங்கட்கிழமை, மாலை 6:30

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். சனிக்கிழமை இரவு 1 மணிக்குத் திரும்பப் பார்த்தபோது, டாக்டர் இடப்பக்கம் அழுத்தினார், இவளுக்கு வலப்பக்கம் வலித்தது. உடனே இரண்டாவது ஸ்கேன். குடல்வால் 9 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, அழுத்தினால் அமுங்கவில்லை, உள்ளே ஒரு கல் என்று சொன்னார்கள். கல் இருப்பதால் மருந்தை நம்பி வைப்பதைவிட எடுத்துவிடுவதே நல்லது என்றார் டாக்டர். விடியற்காலை 4 மணிக்கு மூன்று சிறு துளைகள் வழியாக எடுத்தார்கள். நன்றாகச் சிவந்து வீங்கியிருந்ததாம், வெடிக்கவில்லை. இன்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நான் போகும் வழியில் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். 10 மணி தொப்புள், 6 மணி வாந்தி, மதியம் வலப்பக்கம் என்று. பணியில் இருந்த டாக்டர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். மாமியார் மருத்துவமனையில் இரவு முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தார். வாயு என்று சொன்னதை நினைத்து அழுதார். நானும்தானே வெந்நீர்ப் பை கொடுத்தேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வளர்மதி அக்கா, இவளுக்கு இப்போது வலது தோளில் வலிக்கிறது என்கிறாள். பயப்பட வேண்டுமா?

வளர்மதி | திங்கட்கிழமை, மாலை 6:52

படித்ததும் மனசு லேசானது. துளை வழி அறுவை சிகிச்சைக்காக வயிற்றுக்குள் காற்றை நிரப்புவார்கள். மிச்சக் காற்று உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள். அடுத்த 10 நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால், வயிற்று வலி கூடினால், தையல் சிவந்து நீர் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால், சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அதே மருத்துவமனைக்குப் போங்கள். பாரதி சார், அப்பாவைக் காட்டினீர்களா?

பாரதி | திங்கட்கிழமை, இரவு 7:40

நேற்று மதியமே காட்டினோம். அவருக்கு இது சிறுநீர்ப்பை நிரம்பி வெளியேறாமல் நின்ற வலி. குழாய் வைத்து எடுத்ததும் சரியாகிவிட்டார். அதற்கு மருந்தும் கொடுத்திருக்கிறார்கள்.